சாங்கி மரமும் அதன் சுற்றமும்

சரித்திரம் என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவன அரசர்களின் பட்டாபிஷேகங்களும், யுத்தங்களும், உடன்படிக்கைகளும், கவர்னர்களின் வருகையுமேயாம். மனிதன் கால் வைப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிலத்தில் குடியேறி, அந்நிலத்துக்கு மண்ணும் நீரும் நிழலும் ஆக்கிக்கொடுத்த மரஞ்செடிகளின் சரித்திரத்தை எழுதுவோரும் சிலர்; படிப்போரும் சிலர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழராகிய நமக்கு இந்த அசிரத்தை தகாது. ஒரு காட்டை அழித்து, அவ்விடத்தில் வேறொரு கண்டத்து மரத்தை வைத்துப் பிழைக்கச் செய்வதற்காகவே நம் பாட்டன் பாட்டிமாரிற் பெரும்பாலோர் கப்பலேற்றப்பட்டார்கள். ஆகையால் மரங்களின் சரித்திரத்தைத் தள்ளிவிட்டு நம்முடைய சரித்திரத்தை எழுத முடியாது.

சிங்கப்பூர்த் தீவின் கீழ்க்கோடியில் உள்ளது சாங்கி. இன்று அப்பெயரைக் கேட்டால் உலகத்தார் ஆகாய விமான நிலையத்தை நினைப்பார்கள். முதியவர்கள் யுத்தகாலச் சிறையை நினைப்பார்கள். அப்பெயரோ ஒரு தாவரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். எந்தத் தாவரம் என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் ஊருக்குப் பெயர் கொடுத்தது காடு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வர். அந்தக் காடு என்னவாயிற்று, அதனோடு எவையெவை போயின, எவை திரும்பி வந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு மரங்களின் மரணம்

1888-ம் ஆண்டு முதலே நிலப்படங்களிற் 'சாங்கி மரம்' என்று தனியாகக் குறிக்கப்பட்ட மரமொன்று அங்கே நின்றது. அது மலாய்க்காரர் செப்பத்திர் என்றழைக்கும் இனத்தைச் சேர்ந்ததென்று கூறுவர். உயரம் 76 மீட்டர். அதாவது ஏறக்குறைய 250 அடி. சுற்றிலுமிருந்த காட்டின் முடிக்கு மேலே தலை நீட்டி, நெடுந்தூரத்துக்கு அடையாளமாய் விளங்கிற்று. 1942 பிப்ரவரியில் ஜப்பானியச் சேனை ஜோகூர்க் கரையை அடைந்தபோது, எதிரியின் பீரங்கிகள் குறி பார்ப்பதற்கு இம்மரம் உதவிவிடுமென்று அஞ்சிய பிரிட்டிஷ் சேனையார் அதை வெட்டிச் சாய்த்தனர். அம்மாதம் 15-ந் தேதியே சிங்கப்பூர் சரணடைந்தது. மரம் போயிற்று, பட்டணமும் தப்பவில்லை.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 2002-ல் அதே சாங்கியில் ஹால்டன் வீதியருகே மற்றொரு பெருமரம் அடையாளம் காணப்பட்டது. இது செங்கால் பாசிர் என்னும் இனம். சிங்கப்பூரில் இவ்வினம் அற்றுப்போயிற்று என்றே தாவர நூலார் எண்ணியிருந்தனர். நூறாண்டுக்கு மேற்பட்டதென மதிக்கப்பட்ட அம்மரத்தைக் கண்டு அவர்கள் கொண்ட மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அனுமதி பெறாமலே, அது வெட்டப்பட்டது. நிலத்தை நிர்வகித்த கம்பெனிக்குக் கோர்ட்டில் 8,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நஷ்ட ஈடாக 76,000 வெள்ளியும் கொடுக்க வேண்டியதாயிற்று.

முதல் மரத்தை யுத்தபயம் வெட்டிற்று; இரண்டாவது மரத்தை அறியாமை வெட்டிற்று. கோர்ட்டார் மரத்துக்கு விலை மதித்தார்கள். மரத்தை நம்பியிருந்தவற்றுக்கும், மரம் நம்பியிருந்தவற்றுக்கும் என்ன விலை என்று மதிக்க வழியில்லை. அவ்விலையைச் சற்று நாமாவது எண்ணிப் பார்ப்போம்.

காட்டின் குடும்பம்

தனிமரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. அதனோடு இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்லலாம்: தோப்பு காடாகாது. தோப்பென்பது மனிதன் தன் தேவைக்கு நிறுத்திய மரங்களின் வரிசை. காடென்பது ஒன்றையொன்று அறிந்து, ஒன்றுக்கொன்று கடன்பட்டு, பல்லாயிரம் ஆண்டு கூடி வாழ்ந்த உயிர்களின் சுற்றம். உறவினரைச் 'சுற்றம்' என்று சொன்ன நம் முன்னோர், சுற்றியிருப்போர் என்ற பொருளிலேதான் சொன்னார்கள். மரத்தைச் சுற்றியிருக்கும் உயிர்களுக்கும் அச்சொல் நன்கு பொருந்தும்.

செங்கால் பாசிர் சேர்ந்த குலத்தையே உதாரணமாகக் கொள்வோம். மலாயாக் காட்டின் பெருமரங்களிற் பெரும்பாலன இந்தக் குலத்தவை. இவற்றுட் பல ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டாண்டு முதற் பத்தாண்டு வரை சும்மாயிருந்துவிட்டு, ஏதோ ஒரு பருவக்குறி கண்டாற்போல ஒரே காலத்திற் பல இனங்களும் சேர்ந்து பூத்துக் குலுங்கும். ஒரு மரத்தில் இலட்சக்கணக்கான சிறு பூக்கள். இத்தனை பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார்? நெகிரி செம்பிலானிலுள்ள பாசோக் காட்டில் இக்கேள்வியை ஆராய்ந்த சான், அப்பனா என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1980, 1981-ம் ஆண்டுகளில் விடையை வெளியிட்டார்கள். அங்கே மெராந்தி மரங்கள் சிலவற்றுக்கு அந்த வேலையைச் செய்வது இலைப்பேன் என்னும், கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற, மிகச் சிறிய பூச்சி!

அதன் வாழ்க்கை வியப்பானது. மாலையில் மலரும் பூவுக்குள் அது புகுந்து உண்ணும். மறுநாட் காலையிற் பூவின் இதழ்கள் உதிரும்போது, மகரந்தம் பூசிய உடம்போடு தானும் தரைக்கு வரும். பின்பு மேலெழுந்து, புதிதாய் மலர்ந்த பூக்களைத் தேடிச் செல்லும். சில நாளிலேயே தலைமுறை பெருகுவதால், பூக்கள் பெருகப் பெருகப் பூச்சியும் பெருகும். மரங்கள் பூக்காத ஆண்டுகளில் அது எங்கே போகும்? காட்டிலுள்ள மற்றச் செடி கொடிகளின் பூக்களை அண்டிச் சிறு தொகையாய்க் காலந்தள்ளும். இருநூறடி மரத்தின் சந்ததி, அதன் காலடியிற் கிடக்கும் பெயரறியாத செடிகளின் தயவில் நிற்கிறது. அச்செடிகளைக் 'களை' என்று வெட்டிவிட்டுப் பெருமரத்தை மட்டும் வேலி கட்டிக் காப்பாற்றினால், அது சிலகாலம் நிற்கும், வம்சம் வைக்காது.

இந்தச் சுற்றம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சாட்சி சொல்வேன். 1854-ல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர் சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்றருகே தங்கியிருந்தார். ஏறக்குறைய இரண்டே மாதத்தில் 700 இன வண்டுகளைப் பிடித்தார். அவற்றிற் பெரும்பகுதி ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டிற் கிடைத்தவை. மனிதர் கூட்டத்தில் 700 சாதிகளைக் கண்டால் ஒருவரையொருவர் தள்ளி வைப்பதற்கு நாம் காரணம் தேடுவோம். காட்டிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையிருந்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை.

காடு கரைந்த கதை

வாலஸ் வந்தபோதே காடு பெரும்பாலும் கரைந்துகொண்டிருந்தது. கம்பீர் என்னும் செடியின் இலையைக் காய்ச்சி எடுக்கும் சத்து, தோல் பதனிடவும் சாயம் போடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்டது. அதனோடு மிளகையும் சேர்த்துப் பயிரிட்ட சீனர் தோட்டங்கள் 1840-களின் இறுதியில் சுமார் 600 இருந்தன. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு வேண்டும். பதினைந்து இருபது ஆண்டிற் மண் சாரமிழந்துவிடும். அடுத்த காட்டுக்குப் போவார்கள். பின்னால் லாலான் புல் மட்டும் நிற்கும். 1883-ல் தாவரத் தோட்டத்து அதிகாரி நத்தானியேல் காண்ட்லி தீவின் காடுகளைப் பார்வையிட்டபோது, தீவின் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடக் காடு மிஞ்சியிருக்கவில்லை. அவருடைய அறிக்கையின் பயனாகவே புக்கித் தீமா முதலிய சில துண்டுகள் காப்புக்காடுகளாக ஒதுக்கப்பட்டன.

காட்டை அழித்தோர் ஒருவர்மேற் பழி போடுவது எளிது. ஆனால் சாலை போட்டவர்களிற் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பின்னாளில் இரப்பர்த் தோட்டங்களைத் திருத்தியவர்கள் நம்மவர். 1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-ல் தாவரத் தோட்டத்தின் தலைவராய் வந்த ரிட்லி துரை, மரத்தைக் கொல்லாமற் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டு, இரப்பரைப் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தினார். அதனால் அவரைப் பைத்தியக்காரரென்றும் சிலர் நகைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் நகைத்தவர்களே நாற்று வாங்க ஓடினார்கள். அந்த மரத்துக்காகவே தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டப்பட்டது.

இதே ரிட்லிதான் மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து பெரும் பகுதிகளில் நூல் எழுதினார். விதைகள் காற்றாலும் கடலாலும் பறவையாலும் பரவுவதைப் பற்றி 1930-ல் வேறொரு பெருநூலும் வெளியிட்டார். காட்டை நன்கறிந்த ஒருவரே அதை இரப்பராக்கும் வழியையும் காட்டினார். அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அறிவு ஓரிடத்தும் இலாபம் வேறோரிடத்தும் நின்ற காலத்தில், ஒரே மனிதர் இரண்டுக்கும் பணி செய்ய நேர்ந்தது என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

முடிவென்ன? 1930-ல் சிங்கப்பூரின் கடைசிப் புலி சுடப்பட்டது. 2003-ல் புரூக், சோதி, இங் என்னும் மூன்று அறிஞர் பழைய ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டுக் கணக்கு வெளியிட்டார்கள். 1819 முதல் அத்தீவின் இயற்கை வாழிடத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அழிந்தது. பதிவாகியிருந்த 3,196 இனங்களில் 881 இனங்கள் அற்றுப்போயின. இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள். எஞ்சிய உயிரினங்களிற் பாதிக்கு மேற்பட்டவை, தீவின் பரப்பில் நூற்றுக்குக் கால் பங்கே உள்ள காப்புக்காடுகளில் வாழ்கின்றன. தெருவோரத்து மரங்கள் இலட்சக்கணக்கில் நின்றபோதிலும் அடைக்கலம் கொடுப்பது அந்தச் சிறு துண்டுதான்.

என் பாட்டியாரின் வேலை

நான் ஜோகூரில் ஒரு தோட்டத்துக் கிராணி. பெரட்டுக் கணக்கும் செக்ரோலும் எழுதுவது என் பிழைப்பு. செம்பனைக் குலைக்கு டன் கணக்கு, உரத்துக்கு மூட்டைக் கணக்கு, ஆளுக்கு நாட்கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஓரிடமுண்டு. பூச்சியின் உழைப்புக்கு மட்டும் இடமில்லை. ஆனால் அவ்வுழைப்பு நின்றுபோனால் அதன் கூலியை யார் தலையிற் சுமத்துவார்கள் என்பதை என் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1917-ல் சிலாங்கூரிலுள்ள தென்னமாரத்தில் முதல் வியாபாரத் தோட்டம் நடப்பட்டது. மரம் வந்தது, அதன் சுற்றம் வரவில்லை. ஒரே மரத்தில் ஆண் குலையும் பெண் குலையும் வெவ்வேறு காலத்திற் பூப்பதால், ஒரு மரத்துத் தூளை மற்றொரு மரத்துக்குக் கொண்டுபோக யாரேனும் வேண்டும். இந்நாட்டுப் பூச்சிகள் ஓரளவே உதவின. ஆகவே தோட்ட நிர்வாகங்கள் அந்த வேலைக்கு மனிதரை வைத்தன. 1970-களில் என் பாட்டியார் அந்த வேலை பார்த்தவர். ஆண் பூவை வெட்டி உலர்த்திச் சலித்த தூளை முகப்பவுடர் மாவோடு கலந்து, ஊதுகுழலிலிட்டு, முள்ளடர்ந்த மட்டைகளுக்கிடையே கை நுழைத்து, மலர்ந்திருக்கும் பெண் குலையில் ஊதவேண்டும். பெண் பூ தூளை ஏற்கும் காலம் சில நாள்களே. ஒரு சுற்று முடிந்ததும் மறு சுற்று. முதுமையிலும் அவர் முன்கையில் அந்த முட்களின் தழும்புகள் இருந்தன.

ஆப்பிரிக்காவில் இவ்வேலையைச் செய்தது யார் என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சி நூலார் கேமரூன் நாட்டில் ஆராய்ந்தார். ஒரு சிறு மூக்குவண்டு! செம்பனைப் பூ சோம்பைப்போல மணக்கும். அம்மணத்தை நாடி வரும் வண்டு ஆண் பூவிலே முட்டையிட்டுப் பெருகும். அதே மணத்தால் ஏமாந்து பெண் பூவுக்கும் போய்த் தூளைச் சேர்க்கும். நன்கு சோதித்தபின் 1981 பிப்ரவரியில் ஜோகூரின் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் அவ்வண்டு விடப்பட்டது. சிறிது காலத்துக்குள் அது நாடெங்கும் பரவிற்று; கை ஊதுகுழல்கள் மூலையிற் போடப்பட்டன. "நாங்கள் இத்தனை பேர் ஊதினதை ஒரு வண்டு ஊதிவிட்டதாம்" என்று பாட்டியார் சிரித்துக்கொண்டே சொல்வார். அச்சிரிப்பிற் கொஞ்சம் கோபமும் இருந்ததென்று இப்போது தோன்றுகிறது. இயற்கை இலவசமாய்ச் செய்கிற காரியத்தை மனிதன் கூலிக்குச் செய்யவேண்டி வந்தால், அது ஏழைப் பெண்ணின் கைக்கே வரும்.

இதற்கு முன்பே தோட்டத்தார் வேறொரு பாடமும் படித்திருந்தார்கள். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் இலை தின்னும் பைப்புழு செம்பனையை மொட்டையடித்தது. மருந்து தெளிக்கத் தெளிக்கப் புழு அதிகமாயிற்று. வுட் என்னும் ஆராய்ச்சியாளர் காரணத்தை விளக்கினார். தொட்டதையெல்லாம் கொல்லும் மருந்து, புழுவைத் தின்கிற குளவி முதலிய பூச்சிகளையே முதலிற் கொன்றுவிட்டது. இன்று தோட்டச் சாலையோரங்களிற் பூஞ்செடிகள் வரிசையாய் நடப்படுவது அழகுக்காக அன்று. அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டுமென்பதற்காக. செடி வாங்கிய செலவை நானே ஏட்டில் எழுதியிருக்கிறேன். காடு சும்மா கொடுத்ததற்கு நாம் பட்டியல் போட்டு வாங்குகிறோம்.

பத்துமலை வௌவால்

நம்மவர் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலைக் குகைகளிலும் ஒரு சரித்திரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே தேன் குடிக்கும் வௌவால்கள் வாழ்கின்றன. 1970-களில் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் இருவர் அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். டுரியான் பூ இரவில் மலர்வது. அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் முதன்மையானது இந்த வௌவால். ஆனால் டுரியான் பூக்கும் காலம் ஆண்டிற் சில வாரங்களே. மற்ற நாள்களில் வௌவாலுக்கு இரை ஏது? பெத்தாய் மரமும் வாழையும் கொஞ்சம் கொடுக்கும். ஆண்டு முழுதும் கைகொடுப்பது, கடற்கரைச் சேற்றில் நிற்கும் பெரெப்பாட் என்னும் கண்டற்காட்டு மரம். அதன் தேனுக்காக வௌவால்கள் ஒரே இரவில் 30 கிலோமீட்டருக்கு மேலும் பறந்து போய் வருகின்றன என்று கண்டார்கள்.

நேயர்கள் இதைச் சற்று நிதானித்து யோசிக்கவேண்டும். கடலோரத்துச் சேற்றுக்காட்டை 'உபயோகமற்ற நிலம்' என்று தூர்த்துவிட்டால், நெடுந்தூரத்திலுள்ள கம்பத்தில் டுரியான் காய்ப்பது குறையும். குகையின் சுண்ணாம்புக்கல்லை உடைத்தாலும் அதே பலன். சேற்று மரம், குகை வௌவால், கம்பத்து டுரியான் என்னும் மூன்றையும் இணைக்கும் கயிறு இருட்டில் ஓடுகிறது. அதனால்தான் நிலத்தை அளக்கும் பகல்வேளை அதிகாரிகள் கண்ணுக்கு அது தென்படவில்லை. சிங்கப்பூரிலோ ஒரு காலத்திற் தீவின் பரப்பில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கண்டற்காடு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இறால் குளம், நீர்த்தேக்கம், கடல் தூர்த்தல் ஆகியவற்றுக்குப் பின் ஒரு பங்குக்கும் குறைவே மிஞ்சிற்று. சாங்கியிலேயே 1975-க்குப் பின் ஏறக்குறைய 870 ஹெக்டர் கடல் தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் 1981 ஜூலை முதல் தேதி விமான நிலையம் திறக்கப்பட்டது.

கடல் கொண்டுவந்த உறவினர்

நான் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன். தாவரங்களின் இலத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். சாங்கிக் கரையிற் பளபளப்பான இலையும் வெண்ணிறப் பூவுமாய் நின்ற மரத்தின் இலத்தீன் பெயர் எனக்குத் தெரியும். ஒரு முறை பாட்டியாரை அங்கே அழைத்துப் போனபோது, அவர் அம்மரத்தடியில் நின்று உருண்டைக் காயொன்றைப் பொறுக்கி, "இது நம்ம புன்னை அல்லவா? இதன் எண்ணெயில்தானே எங்கள் வீட்டில் விளக்கெரிந்தது" என்றார். அவர் வேதாரணியத்துப் பக்கம் பிறந்து, யுத்தத்துக்குப் பின் மணமாகிக் கப்பலேறி வந்தவர். நான் பெயர் தெரிந்தவன். அவர் மரத்தைத் தெரிந்தவர்.

அன்று முதல் நான் கரையைக் கவனித்துப் பார்த்தேன். மணலைப் பற்றிப் படர்ந்த ஊதாப்பூக் கொடி நம் அடும்பு. மஞ்சட் பூ மாலையிற் சிவக்கும் மரம் நம் பூவரசு. முள்ளிலையோடு வேர் ஊன்றி நிற்பது தாழையினம். எதிரிலுள்ள ஊபின் தீவின் சேற்றில் நிற்பவை கண்டலும் தில்லையும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லை. இவற்றை யாரும் கப்பலிற் கொண்டுவந்து நடவில்லை. புன்னைக்காயும் அடும்பின் விதையும் கடல் நீரில் மிதந்தும் முளைக்கும் ஆற்றல் உடையவை. கண்டலோ தாய்மரத்திலேயே முளைவிட்டு நீரில் விழும். வங்கக்கடலின் இரு கரைக்கும் இவை சொந்தக் குடிகள்.

நம் முன்னோர் நிலத்தைப் பூவின் பெயரால் அழைத்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அவர்கள் வகுத்தபோது, பூவோடு பறவையையும் விலங்கையும் நீரையும் தொழிலையும் சேர்த்தே சொன்னார்கள். இன்று அறிஞர் 'தாவரச் சமுதாயம்' என்று விளக்குவதன் கருத்து அந்த வகுப்பில் இருக்கிறது. பழம்பெருமை பேசுவதற்கு இதைச் சொல்லவில்லை. நெய்தலைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்துவிட்டு, கண்ணெதிரே நிற்கும் புன்னையை அறியாமற் போவது நமக்கு வெட்கம் என்பதற்காகவே சொல்கிறேன்.

திரும்பி வந்தவர்

இச்சரித்திரம் முழுதும் இழப்பாகவே இருந்தால் எழுதியும் பயனில்லை. சாங்கிக் கிராமத்திற் காலை வேளையிற் நின்று பார்ப்போருக்கு, வளைந்த பெரிய அலகின்மேல் மற்றோர் அலகு வைத்தாற்போன்ற கருப்பு வெள்ளைப் பறவை கண்ணுக்குக் கிட்டும். அது இருவாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன பறவை. 1994-ல் ஊபின் தீவில் ஒரு சோடி காணப்பட்டது. 1997-ல் அங்கே கூடு வைத்தது.

இருவாட்சியின் குடித்தனத்துக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, முதிர்ந்த மரத்திற் பெரிய பொந்து. பெண் பறவை அதற்குள் புகுந்து, வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு, அடைகாக்கும். ஆண் பறவை வாரக்கணக்காய்ச் சிறு துளை வழியே இரை ஊட்டும். மற்றொன்று, ஆண்டு முழுதும் கிடைக்கும் கனி. அதைக் கொடுப்பது ஆல், இச்சி, அத்தி இனங்கள். ஒவ்வோர் அத்தியினத்துக்கும் பெரும்பாலும் தனக்கென்றே ஒரு குளவி உண்டு; கடுகினும் சிறிய அக்குளவி காய்க்குள் புகுந்து மகரந்தம் சேர்த்தாலன்றி விதை இல்லை. அதன் தலைமுறை அறாமலிருக்க, எக்காலத்தும் எங்கேனும் ஓர் அத்தி காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். குளவியின் அந்தத் தேவையே பறவைக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் பஞ்சகாலத்து அன்னசத்திரமாகிறது. கனியுண்ட பறவை விதையைத் தூரத்தில் இட்டு, அடுத்த காட்டுக்கு அடிக்கல் போடுகிறது.

அத்தி இருந்தது, பொந்துள்ள கிழமரங்கள் மிகக் குறைந்திருந்தன. 2004-ல் அரசாங்கத்துப் பூங்காக் கழகத்தாரும் அறிஞர்களும் சேர்ந்து, மரங்களிற் பலகைக் கூடுகளைக் கட்டிக்கொடுத்தார்கள். பறவைகள் அவற்றை ஏற்றன, பெருகின, ஊபினிலிருந்து கடற்காலைக் கடந்து சாங்கிக்கும் அப்பாலும் பரவின. 250 அடி மரம் நின்ற ஊரில், மனிதன் செய்த பெட்டியிற் குஞ்சு பொரிக்கிறது. மரம் ஒன்று பொந்து விடுவதற்கு நூறாண்டு வேண்டும் என்பதையும், வெட்டுவதற்கு ஒரு பகற்பொழுது போதும் என்பதையும் அந்தப் பெட்டி ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊபின் தீவின் கீழ்முனையில் செக் ஜாவா என்ற கரை உண்டு. கண்டற்காடு, மணல், கடற்புல், பவளக்கல் யாவும் அங்கே ஒருங்கே காணலாம். அதைத் தூர்க்கத் திட்டம் முடிந்திருந்த 2001-ம் ஆண்டில், சாதாரண ஜனங்களும் மாணவர்களும் ஆராய்ச்சியாளரும் தொண்டர்களாய்ச் சேர்ந்து, அங்குள்ள உயிர்களை எண்ணிப் பட்டியலிட்டு அரசாங்கத்தார் முன் வைத்தார்கள். 2002 ஜனவரியில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. எழுதப்பட்ட கணக்குக்கு இருக்கும் வலிமையை ஒரு கிராணி எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நாம் செய்யத்தக்கது

மரம் நடுவோம் என்று கூட்டந்தோறும் தீர்மானம் போடுகிறோம், நல்லதே. எந்த மரம், யாருக்குத் துணையாக, எந்த நிலத்தில் என்று கேட்பதில்லை. அந்நிய மரத்தை வெறுக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. இரப்பரும் செம்பனையும் நம்மைப்போலவே கொண்டுவரப்பட்டவை. அவற்றால் நாம் பிழைத்தோம். ஆயினும் அந்த வரிசைகளுக்கிடையே, ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் மேட்டிலும், உழவுக்கு உதவாத துண்டுகள் ஒவ்வொரு தோட்டத்திலும் கிடக்கின்றன. அங்கே பூர்வக் காட்டு இனங்களைப் பலவாய்க் கலந்து, பெருமரத்தோடு புதரையும் கொடியையும் விட்டுவைத்தால், பூச்சிக்கும் பறவைக்கும் ஒரு பாதை கிடைக்கும். பட்டணத்தில் இருப்போர் பள்ளி வளாகத்திலும், கோயில் நிலத்திலும், சங்கக் கட்டடத்தின் பின்புறத்திலும் அதையே செய்யலாம். கடற்கரை ஊரானால் புன்னையும் பூவரசும் போதும்; உள்ளூரானால் இச்சியும் அத்தியும் போதும். மூங்கில் வேலி கட்டி மஞ்சட் துணி சுற்றி மரத்தை வணங்குவோர், அதன் காய்க்குள் ஒரு குளவி செய்யும் வேலையையும் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. காரணம் அறிந்து காப்பாற்றும் மரம் நீண்டநாள் நிற்கும்.

என் பாட்டியார் இப்போது இல்லை. அவர் சாங்கியிற் பொறுக்கிய புன்னைக்காயை எங்கள் லயத்தின் பின்னால் ஊன்றினார். அது இன்று கூரைக்கு மேல் வளர்ந்து பூக்கிறது. விடியற்காலையில் அதன்கீழ் நின்றால் தேனீக்களின் இரைச்சல் கேட்கும். அந்த வேலைக்கு எந்த செக்ரோலிலும் பெயர் பதிவதில்லை, கூலியும் இல்லை. பாட்டியார் முள்ளுக்குள் கை நுழைத்து ஊதிய காலத்தை நினைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போகிறேன்.